நோயாளி போட்ட காபி

குறையில்லாத பொருள் ஒன்றை இந்த உலகம் இன்னும் உற்பத்தி செய்யவில்லை என்று அடித்துச் சொல்வார் எங்கள் பக்கத்து வீட்டுச் செக்கிங் அக்கா. பனியன் கம்பெனியில் தைத்து வரும் உருப்படிகளைப் பிரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் தேடுவது அவர் வேலை. கம்பெனி சாயங்காலம் விட்டுவிடும், அக்கா விடமாட்டார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையிடம், "தம்பி, காலர் கோணலுங்க" என்றார். மாப்பிள்ளை காலரைத் தடவிப் பார்த்து முடிக்கும்வரை கெட்டிமேளம் கூடுதலாக அடிக்க வேண்டியதாயிற்று.

அவரைக் கண்டாலே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன், எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகும்வரை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து நான் படுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மத்தியானத்துக்கு என்ன பண்ணப் போற?"

அதற்குள் தாராபுரத்திலிருந்து நாத்தனார் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், அழுகை எல்லாம் முறைப்படி நடந்தன.

"நீ எந்திரிக்கவே கூடாது கண்ணு" என்றார் நாத்தனார். அடுத்த மூச்சிலேயே, "வந்தவங்களுக்கு ஒரு வாய் காப்பி மட்டும் வெச்சுக் குடுத்துட்டுப் படுத்துக்க" என்றார்.

நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு நோயாளியே காபி போட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பழக்கம்! அவர்கள் மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட அந்தப் பழக்கத்தின் மேல்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் அதிகம்.

பால் பாத்திரத்தைத் தூக்கும்போது செக்கிங் அக்கா உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், கூடத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், பாத்திரத்தைப் பிடுங்கினார்.

"ஏனுங்க, இத்தன பேருக்கும் கை காலு நல்லாத்தான இருக்குது? தையல் போட்ட புள்ளதான் காப்பி ஆத்தோணுமா?"

"நீங்க யாருங்க?" என்றார் நாத்தனார்.

"பக்கத்தூடுங்க. சக்கரை அந்த டப்பாவுல இருக்குதுங்க. வந்து போடுங்க. எனக்கும் அரை டம்ளர்."

வேனில் வந்தவர்கள் தாங்களே காபி போட்டு, தாங்களே குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் மட்டும் கோபத்தில் குடிக்கவில்லை. அவர் பங்கையும் அக்காவே குடித்தார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் மாட்டினார். அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கிவைத்து மெஷினில் அறுத்தால் நூல் பிசகாது. வெங்காயம் அரிய மட்டும் கை வராதாம்! அக்கா வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை சோதனைக்கு வந்தார்.

"தம்பி, இந்தத் தோசை ஓட்டைங்க. ரிஜெக்ட்டு. வேற ஊத்துங்க."

"தோசைன்னா ஓட்டை இருக்குமுங்க்கா!"

"இத்தாப்பெருசு இருக்காதுங்க."

என்னையும் விடவில்லை. நான் விளக்குமாற்றைத் தொட்டேன் என்று அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன்: "உங்களுக்கு எதுக்குங்க்கா இத்தன கோவம்?"

அக்கா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் இதே ஆப்பரேசன்தான் அம்முணி. ஊட்டுக்கு வந்தன்னைக்கே, பாக்க வந்த ஒறம்பரைக்கெல்லாம் சோறாக்குனேன். தையல் பிரிஞ்சு மறுக்கா ஆஸ்பத்திரி. அப்ப அவிங்கெல்லாம் என்ன கேட்டாங்க தெரியுமா? 'உன்னைய யாரு செய்யச் சொன்னது'ன்னாங்க."

சொல்லிவிட்டு, அடுப்படியைப் பார்த்து, "தம்பி, ரசம் பொங்குதுங்க!" என்று கத்தினார்.

அக்கா இப்போது உடுமலைப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். அடிக்கடி போன் வரும். எடுத்ததும் ஒரே கேள்வி: "இன்னைக்கு ஊட்டுல சமையல் யாரு அம்முணி?"

"அவருதானுங்க்கா" என்பேன். பல நாள் அது பொய்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுவார். சொல்லிவிடலாமா என்று சில நாள் தோன்றுகிறது.