முறைப்படியரும் சிறுபோகக் கூட்டமும்

கனகராயன்குளத்தில் எனக்கு இரத்தக் கொதிப்பு வந்ததற்குக் காரணம் உப்புமில்லை, கருவாடுமில்லை, முறைப்படியர்தான். எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். எதற்கும் 'முறைப்படி' என்பதால் வந்த பட்டம்; பெற்றோர் வைத்த பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது.

வகுப்பில் நான் சரியான விடை எழுதினேன். வழியைக் காட்டவில்லை என்று முட்டை போட்டார். பக்கத்தில் இருந்தவனின் விடை படுபிழை. வழி ஒழுங்காம், முழுப் புள்ளி! கோயிலில் மணி அடிக்க மறந்துவிட்டார்கள் என்று பூசையை முதலிலிருந்து தொடங்க வைத்தார். பொங்கல் ஆறிக் கட்டியானது. கவியரங்கில் ஒருவர் மாட்டுக்கொட்டிலைப் பற்றி வெண்பா வாசித்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இவர் மட்டும் கைதட்டினார்.

"இதில என்ன கவிதை இருக்கு, மாஸ்டர்?"

"தளை தட்டேல்லை. உமக்கு வேற என்ன வேணும்?"

இந்த மனிதரைத்தான் வயல் செய்கிற எங்களுடைய கமக்காரர் அமைப்புக்குத் தலைவராக்கினோம். எங்களுக்கு வேணும்!

இந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. கோடை நெல்லுக்கு யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில், சிறுபோகக் கூட்டத்தில் கையுயர்த்தி எடுப்பதுதான் முடிவு. கடைவாய்க்கால் வயல்களுக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானிக்க மேல்வாய்க்கால்காரர் துடித்துக்கொண்டு நின்றார்கள். என் வயல் கடைவாய்க்காலில். எங்கள் ஆட்கள் வந்த உழவு இயந்திரம் ரயர் காற்றுப்போய் வழியில் நிற்க, நான் மட்டும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன்.

"மாஸ்டர், எங்கட ஆக்கள் இன்னும் வரேல்லை..."

"இரும். அது 'வேறு விடயங்கள்' எண்டதில வரும்."

விளக்கேற்றினார்கள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை.

"வயல் சாகப்போகுது, உங்களுக்கு விளக்கோ!" என்று கத்தினேன்.

"கதிரையில இரும்" என்றார்.

மேல்வாய்க்கால்காரருக்கும் பொறுமை போனது. அவர்களில் பெரியவர் எழும்பினார்.

"மாஸ்டர், உங்கட வயலும் எங்கட பக்கம்தானே? கையைத் தூக்குவம், அலுவல் முடிஞ்சுது."

"தலைமையுரை முடியேல்லை. இப்ப தூக்கிற கை செல்லாது."

குளம் தோன்றிய காலத்திலிருந்து உரையைத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் உழவு இயந்திரம் வந்துவிட்டது, இழுவைப்பெட்டி நிறைய எங்கள் ஆட்கள். அவர்களின் கைகளும் உயர்ந்தன. எல்லாருக்கும் பாதி வயலுக்குத் தண்ணீர் என்று முடிவானது.

"எங்களுக்காகத்தானே இழுத்தனீங்கள்?" என்று பல்லைக் காட்டினேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆருக்காகவும் இல்லை! நன்றியுரை இருக்கு, அதுக்குள்ள எங்க எழும்பிறீர்?"

இப்போது அவருடைய வயலில் பாதி தரிசாகக் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன கிழமை வழியில் மறித்து ஏசினேன்.

"வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா முழு வயலும் விளைஞ்சிருக்குமே, மாஸ்டர்!"

"முறைப்படி எடுத்த முடிவு" என்றார்.

என் வயலில் வெட்டும் முதல் மூட்டை நெல் அவர் வீட்டுக்குத்தான். முறையில்லை, வாங்கமாட்டேன் என்பார். சொல்லட்டும்! வாசலில் போட்டுவிட்டு ஓடிவருவேன். முறையாவது, மண்ணாங்கட்டியாவது!