ஒருவேளை அண்ணனின் ஒத்திகைகள்

1991 ஆகஸ்ட் 11, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்து வைத்தேன். பால் வாங்கினேன், சவரம் செய்துகொண்டேன், சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஆறரைக்கு ஒருவேளை அண்ணன் வந்து, நான் அடித்த காற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். திருப்தியில்லை. அவரே இன்னொரு முறை அடித்தார்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அவரைப் போல் பயந்த மனிதர் பிறந்ததில்லை. அவரைப் போல் ஊர் சுற்றியவரும் பிறந்ததில்லை. இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடியிருந்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதைச் சொன்னாலும் "ஒருவேள..." என்று ஆரம்பிப்பார். நிஜப் பெயர் அவர் மனைவிக்கும் மாதாகோயில் சாமியாருக்கும்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் போல்ட்டில் விரிசல் தேடிய கண், ஏழாம் நாள் உலகத்தில் விரிசல் தேடியது.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் தெருக்காரர்களைத் திரட்டி எங்காவது அழைத்துப் போவார். ஆண்கள் சைக்கிளில், பெண்களும் பெரியவர்களும் பாதி தூரம் பஸ்ஸில், மீதி தூரம் நடை. அதற்கு முந்தின ஞாயிறே அண்ணன் அதே வழியில் தனியாகப் போய்வருவார். அதற்குப் பெயர் ஒத்திகை. எங்கே பள்ளம், எந்தக் கிணற்றுக்குச் சுவர் இல்லை, எந்த மரத்தில் தேன்கூடு என்று எல்லாம் பார்த்துக்கொண்டு வருவார்.

ஒத்திகையால் வந்த வினைகளும் உண்டு. ஒருமுறை முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போவதாகத் திட்டம். அங்கே தெருநாய்கள் அதிகம். "ஒருவேள கடிச்சிட்டா?" என்று முந்தின வாரமே போய் ஒவ்வொரு நாய்க்கும் பிஸ்கெட் போட்டுச் சிநேகம் பிடித்துவிட்டு வந்தார். நாங்கள் போன அன்று அந்த வட்டாரத்து நாய்கள் மொத்தமும் பிஸ்கெட் எதிர்பார்த்து எங்களைத் துரத்தின. நான் வாய்க்காலில் விழுந்தேன்.

"பாத்தியா நைனா, ஒண்ணுகூடக் கடிக்கல!" என்றார் பெருமையாக.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் முனுசாமி என்பவரின் குடும்பம் நெல் வயல்களுக்கு நடுவே பந்தல் போட்டுக் கறுப்புத் திராட்சை வளர்த்தது. மொத்தமே இரண்டு பந்தல். அண்ணன் அந்த இடத்துக்குத் 'திராட்சை நாடு' என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதி கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆகஸ்டில் அங்கே போய்த் திராட்சை வாங்கிவந்து, சர்க்கரை போட்டு ஜாடியில் ஊறவைத்து, ஒயினாக வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து, கிறிஸ்துமஸ் வரை வீட்டு ஆண்களிடமிருந்து காப்பாற்றுவார்கள்.

இதிலும் அண்ணனுக்கு ஒரு பயம். "இம்மாம் திராட்ச எதுக்குன்னு ஒருவேள போலீஸ் கேட்டா? ஜாம் போடறதுக்குன்னு சொல்லணும். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்." முந்தின வருஷம் சென்னீர்குப்பத்தில் ஒரு போலீஸ்காரர் மணி என்ன என்று கேட்டதுதான் தாமதம், எங்கள் பக்கத்து வீட்டு மேரியக்கா கத்திவிட்டார்: "ஜாம் சார்! ஜாம்!"

இந்த முறை எங்களோடு என் மாமனாரும் வந்தார். சேலத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தவர். சர்க்கரை வியாதிக்காரர், நீச்சல் தெரியாதவர், யார் பேச்சையும் கேட்காதவர். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையிலேயே கவலை தெரிந்தது.

"மாமா, மாத்திர போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"அப்போ நல்லா துன்னணும். ஒருவேள சக்கர எறங்கி மயக்கம் வந்துட்டா?"

"ஏனுங், மாப்பிள்ளை, இவர் டாக்டருங்களா?" என்று மாமனார் என்னிடம் கேட்டார்.

மதியம் பந்தல் நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். மாமனார் பாதியை மூடி வைத்துவிட்டு ஏரிக்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நாங்கள் குலை பறிப்பதிலும் எடை போடுவதிலும் மூழ்கிவிட்டோம். நான்கு மணிக்குக் கூடைகளைச் சைக்கிளில் கட்டிய பிறகு தலைகளை எண்ணிப் பார்த்தால், மாமனார் இல்லை.

கரைக்கு ஓடினோம். மதகின் அருகே, தண்ணீரை ஒட்டிய கல்லின் மேல், அவருடைய துண்டு மட்டும் இருந்தது.

என் மனைவி வசந்தா அந்தத் துண்டை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள். "ஏங்க, எங்கப்பா எங்கங்க?" என்றாள். மேரியக்கா ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏரி அன்று எனக்குக் கடல்போல் தெரிந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். தீக்குச்சி உரசினாலே நாலடி தள்ளி நிற்கிற மனிதர். அவர் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்றுகூட எனக்குத் தோன்றியது. அவரோ கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மதகுக்குப் பின்னால் இறங்கிய ஒற்றையடிப் பாதையை எட்டிப் பார்த்தார். பிறகு வசந்தாவிடம் வந்தார்.

"அயுவாத தங்கச்சி. தண்ணில இல்ல. மொகம் கயுவிட்டு துண்ட மறந்துட்டு இப்டிக்கா எறங்கிகிறாரு."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"போன வாரம் நான் இங்கதான் தொலஞ்சேன்."

"தொலைஞ்சீங்களா?"

"வேணும்னுதான். இங்க ரெண்டு வயி பிரியுது. தெரியாத ஆளு எந்த வயில போவான்? ஒருவேள தொலஞ்சா எங்க போயி நிப்பான்? அத்த பாக்க வாணாமா? நானே தொலஞ்சி பாத்தேன். மூணு மணி நேரம்."

தொலைந்து போவதற்கும் ஒத்திகை பார்த்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முனுசாமியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் அந்தப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். முள், சேறு, யாரோ வெட்டிப்போட்ட வாய்க்கால். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணன் நிற்காமல் திரும்பினார். துண்டைப் பற்றி அவர் சொன்னது தப்பாக இருந்தால், வசந்தாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பாதை ஒரு செங்கல் சூளையின் பக்கத்தில் போய் முடிந்தது. அங்கே ஓலைக் கொட்டகையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் மாமனார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கை இலேசாக நடுங்கியது. கையில் டீ டம்ளர்.

கடைக்காரர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா அண்ணாத்தே, இத்தினி நேரம்? நீ சொன்ன மாரியே ஒர்த்தரு தள்ளாடிகினு வந்தாரு. ஒக்கார வெச்சி, டீல நாலு கரண்டி சக்கர போட்டுக் குட்த்தேன். வேற எங்கியும் அனுப்பல."

முந்தின வாரம் தொலைந்து வந்து நின்றபோதே, எங்கள் ஆள் யாராவது இப்படி வந்தால் உட்கார வைத்து இனிப்பாக ஏதாவது கொடுக்கும்படி அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் அவரை அன்று பைத்தியம் என்று நினைத்தாராம். அதை அண்ணனிடமே சொன்னார்.

"எல்லாரும் அப்டித்தான் நெனக்கிறாங்க," என்றார் அண்ணன். பிறகு பெஞ்சில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்குக் கால் உதற ஆரம்பித்தது. மாமனார் தன் டம்ளரில் மீதியிருந்த டீயை அவரிடம் நீட்டினார்.

"குடிங்க டாக்டர்," என்றார்.

மாமனாரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்ததும் வசந்தா அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் பெண்களையும் மாமனாரையும் பஸ் ஏற்றிவிட்டு, அண்ணன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மிதித்தார். தூறலில் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் வாசல்வரை கொண்டுபோய் விட்டு, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தார். கடைசியாக எங்கள் வீடு. நாங்களும் தாழ் போட்டோம்.

மறுநாள் காலை கண் விழித்ததும் முதல் வேலையாகச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். எங்கள் எல்லாரையும் வீடு சேர்த்தவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.