மோதிரம் மாற்றிய நேரத்தில் என் மூக்கு

கேமரா என்றால் 'கிளிக்' என்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் படம் விழவில்லை என்று அர்த்தம். ஐம்பது வயது தாண்டும் வரை இப்படித்தான் நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் கேமராவோடா பிறந்தீர்கள்?)

என் மனைவியின் அண்ணன் மகள் கவிதாவுக்கு ரெங்கத்தில் நிச்சயதார்த்தம். "படம் எடுக்க ஆள் பேசணும் மாப்ள" என்று மச்சான் ஆரம்பித்ததுமே நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வெளியாள் எதுக்கு மச்சான்? நான் இருக்கேன் லா!"

அப்போது என்னிடம் கேமராவே கிடையாது.

பெக்கான் நானாஸ் ஊரில் ஆரோக்கியசாமி அண்ணன் என்பவரிடம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். சட்டைப்பைக்குள் போகிற சைஸ். பெரிய மனுஷத்தனமான விலை. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும். அவர் சர்ச்சில் படம் எடுப்பவர். பட்டன் பட்டனாக விளக்கினார். நானோ கேமராவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பெரிய நிபுணன் மாதிரி "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டில் சோதித்துப் பார்த்தேனா? பார்த்தேனே! கழுத்தில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றேன். பிரமாதமாக இருந்தது.

நிச்சயதார்த்த மண்டபத்தில் முதல் வேலையாக எல்லோரையும் அதட்டினேன். "போனை எல்லாம் உள்ள வைங்க. என் படத்துல உங்க கைதான் தெரியும்!" பாவம், வைத்துவிட்டார்கள்.

தட்டு மாற்றினார்கள். அமுக்கினேன். சத்தம் இல்லை. எடுத்த படம் திரையிலும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம்.

"மாமா, மோதிரம் போடலாமா?" என்றாள் கவிதா.

"போடும்மா, போடும்மா" என்று சொல்லிக்கொண்டே கேமராவைத் தட்டினேன், உலுக்கினேன், ஊதினேன். கடைசியில் திருப்பிப் பிடித்து, லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தபடி அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். கைதட்டல் கேட்டு நிமிர்ந்தால், இரண்டு மோதிரமும் விரலில் ஏறிவிட்டன.

அண்டா கழுவும் இடத்துக்கு ஓடிப்போய் போன் போட்டேன்.

"என்ன அண்ணே, செத்த கேமராவை என் தலையில கட்டிட்டீங்களே!"

"அட, அலமாக்! அன்னிக்கே சொன்னேனே தம்பி? பூசை நேரத்துல சத்தம் கேட்டா ஃபாதர் முறைப்பாரு. அதான் சத்தத்தையும் நிப்பாட்டி, படம் பளிச்சுனு திரையில வர்றதையும் நிப்பாட்டி வச்சிருக்கேன். நீங்கதான் ம்ம் ம்ம்னு மண்டைய ஆட்டுனீங்க! பின்னால முக்கோணம் போட்ட பட்டன் இருக்கும், அமுக்குங்க."

அமுக்கினேன். எல்லாமே இருந்தன! தட்டு மாற்றியது, மச்சான் கொட்டாவி விட்டது கூட. போன உயிர் திரும்பி வந்தது.

என்னைத் தேடி வந்த மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மோதிரம் போடுறது எங்கங்க?"

அடுத்த படம், என் மூக்கு. அதற்கடுத்தது, இன்னும் பெரிய மூக்கு. (ஜூம் இல்லாவிட்டால் நாம்தானே கிட்டப் போக வேண்டும்!)

"கழட்டிட்டு இன்னொரு தடவை போடச் சொல்லலாமா?" என்று மச்சானிடம் மெல்லக் கேட்டேன்.

"போட்ட மோதிரத்தைக் கழட்டுறதா? நல்ல நாள்ல உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா மாப்ள?"

கவிதா அந்த மூக்கை ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டுவிட்டாள். இன்று வரை வீட்டு விசேஷத்தில் நான் கேமராவைத் தூக்கினால் போதும், "மாமா, அந்தப் பக்கம் திருப்புங்க!" என்று மண்டபமே கத்துகிறது.

கேமராவில் ஒரு பழுதும் இல்லை. மோதிரம் மாற்றிய நேரத்தில், அது என் மூக்கை மிகத் தெளிவாக எடுத்திருந்தது.