தானாக இறங்கும் சீட்

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தன் மானம் கப்பலேறப் போகிறது என்பது ஆபரேட்டருக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. சைக்கிள் குழுவின் கேப்டன் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார்: "காபிக்கு மட்டும் வர்ற கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை எல்லார் சைக்கிள் மீட்டரையும் பாக்கப்போறேன். ஆறு மாசத்துல ஐநூறு கிலோமீட்டர் ஓட்டாதவங்க வெளிய."

ஆபரேட்டர் ஓட்டியது மிஞ்சிப்போனால் ஐம்பது. ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து காபிக்கடைக்கு ஒரு கிலோமீட்டர், திரும்ப ஒன்று.

பெரிய ஆஸ்பத்திரியில் இரவு டெலிபோன் ஆபரேட்டர் அவர். பத்தொன்பது வருஷமாக ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவருக்குத் தன்னோடு பேச ஓர் ஆள் இல்லை. உடம்பை அசைக்கச் சொன்னார்கள் என்று சைக்கிள் வாங்கினார். விற்ற கடைக்காரர்தான் கேப்டன். அவருடைய ஆட்கள் விடியற்காலையில் கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் மிதித்து, எட்டு மணிக்குக் காபிக்கடையில் வந்து விழுவார்கள்.

"எனக்கு டூட்டி முடிய ஆறாயிடும். நான் தனியா சுத்திட்டு நேரா கடைக்கு வந்துடறேன்" என்றார் ஆபரேட்டர். வந்தார். பின்சந்தில் நின்று பாட்டில் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வந்தார். கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போடுவார். "வாங்க சார், உங்களுக்காக ஒரு ஜோக்கை நிறுத்தி வச்சிருக்கேன்." அந்த நாற்காலிக்காக அவர் எந்தப் பொய்யும் சொல்வார். மனைவியிடமும் அதே நாற்பதைத்தான் சொல்லி வந்தார்.

சனிக்கிழமை மதியம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரை மணியில் மீட்டர் நாலு காட்டியது. தோள்பட்டை நாற்பது காட்டியது. அந்த மீட்டரில் அன்றைய ஓட்டம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். மொத்தம் பார்க்க எதை எவ்வளவு நேரம் அமுக்குவது என்பது கேப்டனுக்கே வெளிச்சம்.

மனைவி ஈரத்துணி வாளியோடு வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சக்கரம் கோணலா இருக்கான்னு பாக்கறேன்."

"அரை மணி நேரமாவா?"

"கோணல் மெதுவாத்தான் தெரியும்."

"உங்களைக் கட்டினப்போ எனக்கு உடனே தெரிஞ்சுது."

அவர் பேச்சை மாற்றினார். "இந்த சீட்டு வேற. வாராவாரம் ஏத்தி வைக்கிறேன், தானா நாலு விரல் இறங்கிடுது."

"வெயிட்டு தாங்கலையோ என்னவோ" என்றாள், அவர் வயிற்றைப் பார்த்து.

சாயங்காலம் மீட்டரைக் கழற்றி, ஒரு சாக்ஸில் திணித்து, கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவுக்குள் ஒளித்துவைத்தார்.

ஞாயிறு. காபிக்கடை மேஜை நிறைய மீட்டர்கள். கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்களுது எங்க சார்?"

"திருட்டுப் போயிடுச்சு. தெருவுல நிறுத்தியிருந்தேன்."

கேப்டன் எழுந்துபோய் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "நிதானமான திருடன் சார். மீட்டரைக் கழட்டிட்டு, ஸ்குரூவைத் திரும்ப மாட்டி முடுக்கிட்டும் போயிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆபரேட்டருக்கு இப்போது நிஜமாகவே வேர்த்தது. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வாசலில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி கேப்டனின் மனைவி. இன்னொருத்தி ஆபரேட்டரின் மனைவி. இவர்கள் இரண்டு பேருக்கும் எப்போது பழக்கம்?

"ஷூவுக்குள்ள வச்சு மறந்துட்டு வந்துட்டீங்க" என்று மீட்டரை மேஜையில் வைத்தாள்.

கேப்டன் எதையோ அமுக்கினார். விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு."

கைதட்டல். நேற்றுச் சுற்றிய சுற்றில் மீட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே ஒரு கணம் நம்பினார்.

"அதுல அம்பதுதான் அவரோடது அண்ணா. மிச்சம் என்னுது" என்றாள் மனைவி.

"புதனும் வெள்ளியும் எங்க லேடீஸ் கூட்டத்துல முதல்ல போறதே இவதான்" என்றாள் கேப்டனின் மனைவி. "இவர் டூட்டி முடிஞ்சு வந்து குறட்டை விடறப்போ."

"அப்போ சீட்டு?" என்றார் ஆபரேட்டர்.

"இறக்குவேன். திரும்ப ஏத்தி வைக்கச் சோம்பல்." குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும் முகம் மலர்ந்து வர்றீங்க. அந்தச் சைக்கிள்ல அப்படி என்னதான் இருக்குன்னு பாத்தேன். எனக்கும் நாலு பேர் கிடைச்சாங்க."

ஆபரேட்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பல் டாக்டர் தோளைப் பிடித்து அழுத்தினார். "உட்காருங்க சார். ஆறு மாசமா உங்க சட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் வேர்க்குது. எங்களுக்குத் தெரியாதா?"

"ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே" என்றார் கேப்டன்.

"இருக்கட்டும் அண்ணா. இவர் வார லீவை சனிக்கிழமை ராத்திரிக்கு மாத்திக்குவார். அடுத்த வாரத்துலேர்ந்து நாப்பதையும் மிதிப்பார். நான் பின்னாலயே வந்து பாத்துக்கறேன். இவருக்குக் கடை சைக்கிள் ஒண்ணு குடுங்க."

"எனக்குத்தான் சைக்கிள் இருக்கே" என்றார் ஆபரேட்டர்.

அவள் வாசலுக்குப் போய் சீட்டை நாலு விரல் இறக்கி முடுக்கினாள். ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஆபரேட்டர் தலையில் ஹெல்மெட்டோடு வீட்டுக்கு நடந்தார்.