காத்து நானாவின் கை

விசிறியே இல்லாமல் பட்டுத்துணியை ஆடவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே கடையில் வேலை பார்த்தவன் நான். சைகோனில் கத்தினா தெருவை ஒட்டிய சந்தில் காரைக்கால் முதலாளி ஒருவரின் துணிக்கடை. நான் பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறவன். அவர் துணி விரிக்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது; எல்லாருக்கும் அவர் காத்து நானா, அதாவது காற்று அண்ணன்.

பட்டை விரல்நுனியில் பிடித்து உயர்த்துவார். வெளியே இலை அசையாத வெயில். கடையிலிருந்த ஒரே மேசை விசிறி முதலாளியின் கழுத்துக்கு மட்டும் வீசும்; அதை யாரும் தொடக்கூடாது. ஆனாலும் நானாவின் கையில் பட்டு குளத்துத் தண்ணீர் மாதிரி சிலுசிலுக்கும். வியட்நாமியப் பெண்கள் "டெப் குவா", ரொம்ப அழகு, என்று சொக்கிப்போய் வாங்குவார்கள். பேரம் பேச வாயெடுத்தால் நானாவின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டும் வெளியே குதிக்கத் தயாராக நிற்கும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

காலையில் எங்களோடு பசியாறிவிட்டு, கடை திறக்குமுன் தனியாக இன்னொரு தடவை பசியாறுவார். மதியம் ஒரு சட்டிச் சோறும் மீன் ஆனமும் உள்ளே போகும். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். கைலி இடுப்பில் நிற்காமல், துணி அளக்கிற நாடாவை மேலே கட்டியிருந்தார். மழைநாளில் நாங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள, அவர் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வார். சுவர்க் கடிகாரத்தோடு தீராத சண்டை வேறு. "என்னடா நடை இது, மையத்து தூக்கிட்டா போறே?" என்று அதைத் திட்டுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களோடு கப்பலேற இருந்த புதுச்சேரி டாக்டர் ஒருவர் கோட்டுத்துணி எடுக்க வந்தார். துணியைப் பார்க்காமல் நானாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய நீட்டுங்க முசே," என்றார் பிரெஞ்சு மரியாதையோடு.

நானா நீட்டினார். டாக்டர் என் மேசையிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து அந்த விரல்களின் மேல் வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. பட்டில் அத்தனை அழகாக இருந்தது, தாளில் பார்க்கப் பயமாக இருந்தது.

டாக்டர் நாடி பிடித்தார். "சும்மா உக்காந்திருக்கீங்க, நாடி குதிரை மாதிரி ஓடுது. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா எரியணும்னு அதுதான் பாத்துக்கும். உங்களுக்கு அது திரிய ஒரேயடியா ஏத்தி விட்டுருக்கு. பசி, வேர்வை, இளைப்பு, கோபம், இந்தக் கண்ணு, இந்தக் கை, எல்லாம் ஒரே வியாதி."

இத்தனை நாள் இவரை ஒரு சர்க்கஸ் மாதிரி ரசித்திருக்கிறேன். அத்தனையும் வியாதியா?

"மாத்திரை இருக்கு. மாசக்கணக்கா சாப்பிடணும், நடுவுல நிறுத்தக்கூடாது. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிடணும், அபூர்வமா சிலருக்கு மாத்திரை ரத்தத்தைக் கெடுக்கும். மாத்திரைக்கு அடங்கலன்னா ஆபரேஷன்."

"சும்மா உட்டா?" என்றேன் நான்.

"இதயம் பாவம் இல்லையா, தம்பி? இந்த ஓட்டம் ஓடினா ஒருநாள் படுத்துடும்."

நானா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கை ஆடுறது நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அப்ப வேணாம்."

டாக்டர் போனபிறகு நான் சண்டைக்குப் போனேன். "பட்டு ஆடலைன்னா என்னைய எதுக்குத் தம்பி முதலாளி கடையில வச்சிருப்பாரு?" என்றார். முதலாளி விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நட்டநடுப் பகலில் தெருமுனைக் காபிக்கடையில் குண்டு வெடித்தது. எங்கள் கண்ணாடி நொறுங்கியது, அலமாரித் துணியெல்லாம் உருண்டு வந்தது. மூவரும் மேசைக்கடியில் கிடந்தோம். என் கை வெடவெடத்தது. முதலாளியின் கையில் தஸ்பீஹ் மணி கடகடத்தது. நானா எங்கள் கைகளைப் பார்த்தார், முகமெல்லாம் சந்தோஷம்.

"அட, எல்லாருக்கும் வந்துடுச்சே."

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். என் கோப்பை மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி நின்றது. மணிச் சத்தமும் ஓய்ந்தது. நானாவின் கோப்பை மட்டும் தட்டில் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் நின்னுடுச்சு," என்றார். "எனக்குத்தான் குண்டு வெடிச்சுக்கிட்டே இருக்கு, இல்ல தம்பி?"

முதலாளிதான் சொன்னார்: "மாத்திரைய வாங்கித் தின்னு. மவுத்தாப் போயி எவனுக்குப் பட்டு விரிக்கப்போறே?"

தின்றார். ஒருமுறை தொண்டை கரகரத்ததற்கு, பாதி வெட்டிய துணியை அப்படியே விட்டுவிட்டுக் கத்தரிக்கோலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசல் காவலாளி பதறிப்போனாராம். ரத்தத்தில் கெடுதல் ஒன்றுமில்லை. மாதங்கள் போகப் போகச் சதை பிடித்தது, அளக்கிற நாடா இடுப்பைவிட்டுக் கடைக்குத் திரும்பியது, கடிகாரத்தோடு சமாதானம் ஆயிற்று. கண் மட்டும் கொஞ்சம் அப்படியே இருந்தது. அது மெதுவாகத்தான் அடங்கும் என்றார்கள். பேரத்துக்கு அது போதும் என்றார் முதலாளி.

பிறகு ஒருநாள், பழைய வாடிக்கைக்காரப் பெண்மணி வந்து பட்டுக் கேட்டார். நானா விரித்து உயர்த்தினார். பட்டு தொங்கியது. அந்த அம்மாள் காத்திருந்தார். நானாவின் நெற்றியில் வேர்த்தது, இந்தத் தடவை வியாதியால் அல்ல.

நான் எழுந்துபோய் முதலாளியின் விசிறியை நானா பக்கம் திருப்பினேன். முதலாளி என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பட்டு அலையலையாக ஆடியது. "டெப் குவா" என்றார் அந்த அம்மாள். பிடித்திருந்த கை ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான்.