லோடு சீட்டுத் தம்பி

சீட்டில் ஒரு தப்பு அகப்பட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் குழந்தைசாமிக்கு நடக்கவே தோன்றவில்லை. முதலாளியின் மேசைக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

"முதலாளி, இதப் பாருங்க! லாரி நம்பர் நாப்பத்தேழு. உங்க தம்பி எழுபத்துநாலுன்னு போட்டிருக்கிறான்!"

தாஜுதீன் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

தம்பி என்று பாய் செல்லமாகக் கூப்பிடுவது மனிதப் பிறவியை அல்ல. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அவருடைய உப்பு வியாபார ஆபீசில் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேஷனை. தோல் பதனிடும் ஷெட்டிலிருந்தோ ஐஸ் ஃபேக்டரியிலிருந்தோ மெயிலில் ஆர்டர் வரும். அதோடு வரும் பிடிஎஃப்பைத் திறந்து, எத்தனை மூட்டை, எந்த லாரி என்று பொறுக்கியெடுத்து, லோடு சீட்டை இன்னொரு பிடிஎஃப்பாகத் தயாரித்து, வாங்குகிறவருக்கும் எடைமேடைக்கும் அதுவே அனுப்பிவிடும். அனுமந்தையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் உப்பளக்காரர் மகள் சத்யப்ரியா அமைத்தது. புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லையாம். திரையில் கட்டங்களை இழுத்துவிட்டு ஒன்றோடொன்று கோத்தால் போதுமாம்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அந்தச் சீட்டைப் போட்டவர் குழந்தைசாமி.

"அட, ஆமா," என்றார் பாய். பிறகு சிரித்தார். "போன வருசம் நீங்களும் இதே மாதிரிதான நம்பரைத் திருப்பிப் போட்டீங்க? உங்களப் பாத்தே கத்துக்குதுபோல. மாஷா அல்லாஹ், என்னா அறிவு!"

குழந்தைசாமி சீட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணுங்க. இனிமே தம்பி போடுற சீட்டையெல்லாம் நீங்க ஒருவாட்டி பாத்து, பிரிண்ட் எடுத்து, சீல் குத்திடுங்க. பெரியவங்க பார்வை பட்டாப்பல இருக்கும்."

தப்பைக் காட்டப் போனவர் அதே தம்பிக்கு சீல் குத்துகிறவராகத் திரும்பி வந்தார்.

வயிறு எரிய வேறு காரணங்களும் இருந்தன. உப்புக்காற்று பட்டால் கம்ப்யூட்டர் துருப்பிடித்துவிடும் என்று பின்னறையில் ஏசி வைத்திருந்தார் பாய். இருபத்தாறு வருடம் அதே உப்புக்காற்றில் குழந்தைசாமி துருப்பிடித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு டேபிள் ஃபேன், அதுவும் தலையை ஒரு பக்கம்தான் திருப்பும். ஆயுத பூஜையன்று பின்னறைத் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. பொட்டைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

அந்த அறைக்குள் சத்யப்ரியா சாத்திய கதவுக்குப் பின்னால் நாள் பூராவும் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வேலையை மெஷின் பாக்குது, பொண்ணு பாட்டு கேக்குது. கொடுத்து வெச்சவ," என்று வீட்டில் புலம்பினார்.

"ஏங்க, மனுசனப் பாத்துப் பொறாமைப்படுவாங்க, பாத்திருக்கேன். நீங்க ஒரு பொட்டியப் பாத்தா படுவீங்க?" என்றாள் மனைவி ரேணுகா.

"அது பொட்டி இல்லடி. அவன்!"

"சரி, அவனுக்கு வயசு மூணு மாசம். உங்களுக்கு அம்பத்தாறு. சாப்பிட வாங்க."

மறுநாள் காலையில் குழந்தைசாமி பேப்பரைத் தேடுகிறவர்போலக் குனிந்து இன்டர்நெட் மோடத்தின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். 'இப்பப் போடுடா சீட்டு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

முதலில் அவருடைய கம்ப்யூட்டரில் நெட் நின்றது. அடுத்து, துபாயிலிருந்து வீடியோவில் பேத்தியைக் காட்டிக்கொண்டிருந்த மகள் நஸ்ரியா, பாயின் திரையிலிருந்து மறைந்துபோனாள். ஆனால் பத்து நிமிடத்தில் எடைமேடையிலிருந்து ஆள் வந்தான். "சீட்டு வந்துடிச்சி, லாரிய விடலாமா?"

பின்னறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. கையில் போனோடு எட்டிப்பார்த்த சத்யப்ரியாவுக்கு வியர்த்திருந்தது, ஏசியிலும்.

"நெட்டே இல்லியேம்மா, எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார் பாய்.

"அது... அது க்ளவுட்ல ஓடுது, சார்."

"நெட்டு இல்லாமலே ஓடுதா! பாத்தீங்களா குழந்தைசாமி?"

ப்ளக் இருக்கும் இடம் சரியில்லை, யார் காலாவது தட்டுகிறது என்று அன்றைக்கே மோடத்தைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒயர் போக இடைஞ்சலாக இருந்ததால் டேபிள் ஃபேனும் இடம் மாறியது. குழந்தைசாமிக்கு அந்த ஒரு பக்கக் காற்றும் போயிற்று.

இதையெல்லாம்கூட மனுஷன் பொறுத்துக்கொண்டிருப்பார். தாங்க முடியாமல் போனது அந்தத் தூறலில்தான்.

விடியற்காலையில் தூறினால் குழந்தைசாமி சீட்டு போடமாட்டார். ஈர உப்பு எடை காட்டும்; போய்ச் சேருவதற்குள் நீர் வடிந்து எடை குறையும்; வாங்கினவன் போனில் கத்துவான். அதனால் வெயில் ஏறி, உப்புக் குவியலின் மேல்பக்கம் பொரபொரவென்று வெளுக்கும்வரை சீட்டை நிறுத்திவைப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதிவைத்ததும் இல்லை. தம்பிக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை.

அன்று ஆறு மணிக்குத் தூறியது. எட்டு மணிக்கு ஆறு ஆர்டர் மெயில் வந்தது. குழந்தைசாமி கையைக் கட்டிக்கொண்டு, மாட்டப்போகிறவனுக்காகக் காத்திருந்தார்.

ஒன்பது மணி. சீட்டு வரவில்லை. பத்து, வரவில்லை. பதினொன்றரைக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. பன்னிரண்டுக்கு ஆறு சீட்டும் வரிசையாக வந்து விழுந்தன.

"முதலாளி!" என்று அலறினார். "அவனுக்கு மழை எப்பிடித் தெரிஞ்சுது?"

பாய் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "அதான் அறிவுன்றது," என்றார், பக்தியோடு.

அந்த 'அறிவு' குழந்தைசாமியின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"அப்பிடியா? நாளைக்கு நாப்பது ஆர்டர் வருது. இருபது எனக்கு, இருபது அவனுக்கு. யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு பாத்துடலாம். நான் தோத்தா பீரோ சாவிய வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன். மனுசன் கை வேகத்துக்கும் மூளைக்கும் மெஷின் ஈடாகாது முதலாளி, எழுதி வெச்சுக்குங்க!"

"ஏம்பா, இந்த வயசுல எதுக்கு வீம்பு?"

"வீம்புதான்."

பாய் பெருமூச்சு விட்டார். பின்னறைக் கதவைத் தட்டி, "நாளைக்கு இருபது மெயில் ஒண்ணா விழும், பாத்துக்கம்மா," என்று மட்டும் சொல்லிவைத்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. குழந்தைசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டீ வந்தது, தொடவில்லை. டீயின்மேல் ஆடை படிந்தது. பின்னறையில் பாட்டு வழக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது. தம்பியின் சீட்டு ஒவ்வொன்றுக்கும் பாயின் போன் 'டிங்' என்றது. அது ஐந்து, இவர் ஐந்து. அது பத்து, இவர் பதினொன்று!

"பாத்தீங்களா, மூச்சு வாங்குறான்!" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டார் குழந்தைசாமி.

பதினைந்து, பதினைந்து. பதினெட்டு, பதினெட்டு. பத்தொன்பதை அனுப்பிவிட்டு இருபதாவதில் லாரி நம்பரை அடித்தார். நாப்பத்தேழா, எழுபத்துநாலா? ஒரே ஒரு நொடி சரிபார்த்தார்.

டிங்.

பின்னறையில் பாட்டும் நின்றது. ஆடை படிந்த டீயில் ஓர் ஈ விழுந்தது.

குழந்தைசாமி எழுந்தார். சீல், இங்க் பேட், டிபன் டப்பா மூன்றையும் மஞ்சள் பையில் போட்டார். சாவியை மேசைமேல் வைத்தார்.

"வெளாட்டுக்குச் சொன்னத விட்டுடுங்க, குழந்தைசாமி," என்று பாய் கையைப் பிடித்தார்.

"இல்ல முதலாளி. ஒத்துக்கறேன். மனுசக் கை தோத்துடிச்சி. அவன் காலம் வந்துடிச்சி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். எதிரே ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி, ஆவி பறக்கும் குண்டான் ஒன்றை முந்தானையால் பிடித்துக்கொண்டு பின்னறைப் பக்கம் போனாள். சுடுதண்ணீரில் கல்லுப்பு இன்னும் கரையாமல் கிடந்தது.

"இது யாருக்கு? ஜெயிச்ச மெஷினுக்கு ஒத்தடமா?" என்று கேட்டார், கசப்போடு.

பாப்பாத்தி நின்றாள்.

"மெஷின் ஏதுங்க சார்? ஓசியில ஓடுற பதினஞ்சு நாள் முடிஞ்சதுமே அது படுத்துக்கிச்சு. வெளிய தெரிஞ்சா நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துகிட்டு, பாட்ட சத்தமா வெச்சிட்டு, அன்னிலேருந்து அந்தப் பொண்ணுதான் விரல் வீங்க ஒவ்வொரு சீட்டா கையால தட்டிக்கினு கெடக்குது!"