புகை அடங்கிய கார்

கல்லூரி லேபிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காட்டூர் அடைக்கலராஜ் சொன்னபடி கேட்டது அவருடைய இருபத்தைந்து வருஷத்துக் கார் மட்டும்தான். அதுவும் இப்போது புகை டெஸ்ட்டில் ஃபெயில்.

"பாஸாகலன்னா காயலான் கடைதான்," என்றாள் மனைவி பெலிண்டா. "பாஸாச்சுன்னா பேசிக்கலாம்."

காரை விடுவதில்லை என்று முடிவெடுத்தார். மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தார். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடாமல் திரும்ப உள்ளே இழுக்கிற சின்ன வால்வைக் கழற்றிக் காதோரம் ஆட்டினார்.

"இந்த வயசுல கிலுகிலுப்பையா?"

"ஆட்டினா சத்தம் வரணும். வரலன்னா அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

"அப்ப இந்த வீட்ல ரெண்டு அடைச்சிருக்கு."

அடைக்கலராஜ் வால்வைப் பெட்ரோலில் ஊறப்போட்டுத் தேய்த்தார். மதியத்துக்குள் கடகடத்தது.

அடுத்தது, சைலன்சர் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு. அதன் ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சினால் என்ஜின் திணற வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேண்டுமே என்று யோசித்தார். கூப்பிடாமலே பெலிண்டா வந்து உட்கார்ந்தாள்.

உறிஞ்சினார். ஒன்றும் ஆகவில்லை. வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். பாதி கரி மீசைக்குப் போனது. மாட்டிவிட்டு மறுபடி உறிஞ்சினார். என்ஜின் திணறியது.

"குழாயை நல்லா பாத்து மாட்டுங்க. அப்புறம் ஒரு கம்ப்ளெயின்ட் வரக்கூடாது," என்றாள்.

காரைப் பற்றி அவள் அக்கறையாகச் சொன்ன முதல் வார்த்தை அது. அடைக்கலராஜுக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் நெடி என்று சமாளித்தார்.

கார் பாஸானது. சர்டிபிகேட்டை நீட்டினார். பெலிண்டா அதை போனில் படமெடுத்து எங்கோ அனுப்பினாள்.

"யாருக்கு?"

"ஸ்ரீரங்கம் பீமராவுக்கு. சர்டிபிகேட் இருந்தாத்தான் வண்டியை எடுத்துப்பேன்னாரு. ஒரு மாசமா காத்திருக்காரு."

"பாஸானா பேசிக்கலாம்னியே?"

"பேசிட்டேனே, அவர்கிட்ட."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"விக்கத்தான்னு சொல்லியிருந்தா ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டீங்க. வண்டி எங்கப்பா குடுத்தது, என் பேர்ல இருக்கு. நீங்களே ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு, பஸ்ல வந்துடுங்க."

காவிரிப் பாலத்தில் கார் துளிப் புகையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பீமராவ் பானட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"அருமையா செஞ்சிருக்காங்க. யாருங்க வேலை?"

அடைக்கலராஜ் சாவியை அவர் கையில் வைத்தார்.

"எல்லாம் என் வீட்டம்மா வேலைங்க."